வீடு மாறி வந்த மலர்வளையம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் நலமாக, உயிரோடு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்லிவருகிறேன். என் பேச்சைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு.

காகிதத்தைப் பார்த்ததும் பதறிவிடாதீர்கள். மகள் நன்றாக இருக்கிறாள். புது வேலை பிடித்திருக்கிறதாம். ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போனில் எதைச் சொன்னாலும் "அப்படியா? சரி, வேற?" என்பீர்கள். இந்த விஷயத்துக்கு அந்த "வேற?" வேண்டாம் என்று தோன்றியது. எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதற்காகத்தான்.

போன ஞாயிறு காலை நீங்கள் வழக்கம்போலக் கூப்பிட்டீர்கள். நான் எடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டேன். "டவர் இல்லையா?" என்று செய்தி போட்டீர்கள். "ஆமாம்" என்று நானும் போட்டேன். டவரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் நம் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்து உங்களுக்காக அழுதுகொண்டிருந்தார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கே இன்னும் கோவையாக வரவில்லை.

கல்லூரியில் எங்கள் வகுப்பில் என் பெயரிலேயே இன்னொருத்தி இருந்தாள் என்று கல்யாணமான புதிதில் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். பெயர் மட்டுமல்ல, இனிஷியலும் அதே. வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னை "ஒண்ணு" என்றும் அவளை "ரெண்டு" என்றும் கூப்பிட ஆரம்பித்தார். அதுவே எங்கள் பெயராகிவிட்டது. மூன்று வருடமும் கெமிஸ்ட்ரி லேபில் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஆனாலும் நெருங்கிய சிநேகிதம் என்று சொல்ல முடியாது. அவள் அதிகம் பேசமாட்டாள். படிப்பு முடிந்து போனவள் போனவள்தான். யாருக்கும் தொடர்பு இல்லை.

போன வாரம் எனக்குக் கண்வலி வந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு கண்ணும் கொவ்வைப் பழமாகச் சிவந்து, இமை வீங்கி, பார்க்கவே விகாரமாக இருந்தேன். பரிசோதனை நிலையத்துக்குப் போனால் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கண்வலியும் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும் என்று விடுப்புப் போட்டிருந்தேன். வெளிச்சம் பட்டால் கூசியது. அதனால் போனைச் சத்தத்தோடு ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமலே இருந்தேன். தலை வாரவில்லை. சாயம்போன நைட்டி. ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடி வைத்திருந்தேன். இப்படி இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

திறந்தால் என் வகுப்புக்காரர்கள் மூன்று பேர். முன்னால் மைக்செட். அவளை உங்களுக்கு நினைவிருக்கும். நம் கல்யாணத்தில் அவள் சிரித்த சிரிப்பில் உங்கள் சித்தப்பா தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார். இப்போது வங்கியில் கிளை மேலாளர். அவள் அறைக்குள் பேசுகிற ரகசியம் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் தெரியுமாம். அவள் பின்னால் போஸ்ட்மாஸ்டர். அவன் தபால் துறையில் இல்லை, இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறான். யார் வீட்டுச் செய்தியானாலும் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அந்தப் பெயர். அவனுக்கும் பின்னால் கம்பம். ஆள் அவ்வளவு உயரம். எங்கள் கல்லூரியிலேயே இப்போது ஆசிரியராக இருக்கிறான். அவன் கையில் ஒரு பெரிய மலர்வளையம், பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மைக்செட் என் கோலத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். "ஐயோ, அழுது அழுது கண்ணே போச்சேடி" என்று கட்டிக்கொண்டாள். அதைக் கிசுகிசுப்பாகச் சொன்னாள். மைக்செட் மெதுவாகப் பேசுகிறாள் என்றால் ஏதோ பெரிய விபரீதம் என்றுதான் அர்த்தம். எனக்கு முதலில் மகள் ஞாபகம்தான் வந்தது. "யாருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், அதிர்ச்சியில இருக்கா" என்று போஸ்ட்மாஸ்டர் கம்பத்திடம் சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்து, "மாரடைப்புன்னுதான் சொன்னாங்க. வீட்டை விட்டு அவ்வளவு தூரத்துல இருக்கும்போதா இப்படி வரணும்? நல்ல மனுஷன்" என்றான்.

அப்போதுதான் செத்தது நீங்கள் என்று எனக்குப் புரிந்தது.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் சிரித்துத்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நான் நம்பினேன். கம்பெனியிலிருந்து யாருக்கோ போன் செய்திருப்பார்கள், அது சுற்றிச் சுற்றி இவர்கள் காதுக்கு வந்திருக்கிறது, என் போன் ஃப்ரிட்ஜ் மேலே கிடக்கிறது, பெண்டாட்டிக்குத்தான் கடைசியில் தெரிகிறது என்று எனக்கு நானே முடிச்சுப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை செய்தி அனுப்பியிருந்தீர்கள். சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை நடந்திருக்கலாம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

சோபாவில் உட்காரவைத்தார்கள். மைக்செட் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக எப்போது பேசினார், உடம்பு முடியவில்லை என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். "சிலிண்டர் வந்துடுச்சான்னு கேட்டாரு" என்றேன். உடனே அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "பாருடா, கடைசி நேரத்துலயும் வீட்டு நினைப்புதான்" என்று கம்பத்திடம் சொன்னாள். கம்பம் மலர்வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் முகத்தை நினைத்துப் பார்க்க முயற்சி செய்தேன். பாதி நெற்றியும், உங்கள் அறையில் சுற்றுகிற ஃபேனும்தான் வந்தன. நீங்கள் போனை எப்போதும் அப்படித்தானே பிடிப்பீர்கள். போன தடவை வந்திருந்தபோது உங்கள் மீசை எப்படி இருந்தது, முழுதாக நரைத்துவிட்டதா, பாதியா, தெரியவில்லை. அங்கே காலையில் யார் உங்களை எழுப்புகிறார்கள், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பெயர் என்ன, அதுவும் தெரியவில்லை. இவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, என் புருஷனைப் பற்றி என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியவந்தது.

இன்னொன்றும் நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துவிட்டு, துணி காயப்போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அந்தச் சமயத்தில் என் மனதுக்குள், 'இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை' என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். வந்த வேகத்தில் போய்விட்டது. அது எங்கிருந்து வந்தது, என்ன மாதிரியான நினைப்பு, அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் கெட்டவளா என்றும் தெரியவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அப்போது போன் அடித்தது. கம்பம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, எம்பக்கூட எம்பாமல் ஃப்ரிட்ஜ் மேலிருந்து சாதாரணமாக எடுத்தான். திரையைப் பார்த்து, "யாரோ 'அவர்'னு போட்டிருக்கு" என்று என்னிடம் நீட்டினான். கை தன்னால் பொத்தானை அமுக்கியது. பாதி நெற்றி. ஃபேன். "என்ன, கண் எப்படி இருக்கு? மருந்து விட்டியா?" என்று உங்கள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

மைக்செட் தன் சொந்தக் குரலில் ஒரு கத்து கத்தினாள். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை அழுதுகொண்டிருந்த மூன்று பேரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் தேம்பித் தேம்பி அழுகிறேன். "அவருதான் நல்லா இருக்காருல்ல, இப்ப எதுக்குடி அழறே?" என்று மைக்செட் கேட்டாள். எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

போஸ்ட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வகுப்புக் குழுவில் தான் போட்ட செய்தியைத் திரும்பப் படித்தான். அவன் மைத்துனன் சொன்னானாம், உங்க கூடப் படித்த இன்னாருடைய கணவர் வெளியூரில் இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார் என்று. துக்கச் செய்தியில் பட்டப்பெயர் போடுவது மரியாதையில்லை என்று நினைத்து முழுப் பெயரைப் போட்டிருக்கிறான். "ஒண்ணு", "ரெண்டு" என்று போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. நீங்கள் வெளிநாட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ரெண்டு இருக்கிற இடமே யாருக்கும் தெரியாது. எல்லோரும் என்னைத்தான் நினைத்துக்கொண்டார்கள். குழுவிலிருந்து நான் விலகி இரண்டு வருடமாகிறது; தினம் காலையில் வருகிற ரோஜாப்பூப் படங்கள் தாங்கவில்லை என்று வெளியேறினேன். ஆகவே இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

"ஐயோ, அப்படின்னா நம்ம ரெண்டுவா?" என்று மைக்செட் கேட்டாள். சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் செத்தது உண்மை. அழுததும் உண்மை. வீடுதான் மாறிப்போயிற்று. எங்கள் நிலையத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தால் குழாயில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வயதையும் தகப்பனார் பெயரையும் இரண்டு தடவை சரிபார்ப்போம். எங்கள் இரண்டு பேர் வாழ்க்கைக்கும் அப்படி ஒட்டி வைக்க யாரும் இல்லை.

ரெண்டுவின் வீடு எங்கே என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. மைத்துனனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போஸ்ட்மாஸ்டர் போனான். மலர்வளையத்தை எடுத்துப்போகக் கம்பத்துக்கு மனம் வரவில்லை. செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு அம்மா இரண்டு நாள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்ன பிறகு முன்னைவிடச் சத்தமாக வைக்கிறார்.

சாயங்காலம் கண் கொஞ்சம் திறக்க முடிந்ததும் போனைப் பார்த்தேன். செய்திகள் வந்து குவிந்திருந்தன. முப்பது வருடமாகப் பேசாதவர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். நான்கு வரி எனக்கு ஆறுதல்; அதற்குக் கீழே நாற்பது வரி அவரவர் கதை. கல்லூரியில் எதற்கெடுத்தாலும் வேலைநிறுத்தம் நடத்தி வகுப்பைக் கலைப்பானே ஒருவன், 'புரட்சி' என்போம், அவன் இன்று சோப்புத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. போன வருடம் அவனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்ததாம். 'பயமாக இருக்கிறது என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தான். முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்து தூங்குவாளே தூங்குமூஞ்சி, அவளுக்குக் கணவர் பிரிந்துபோனதிலிருந்து மாத்திரை போட்டால்கூடத் தூக்கம் வருவதில்லையாம். ஒருவனுடைய மகன் அவனோடு பேசுவதில்லை. ரெக்கார்டு நோட்டின் ஓரத்திலெல்லாம் கவிதை எழுதின கவிஞர் இப்போது பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அவர் மட்டும் மூன்று புள்ளி வைத்து அனுப்பியிருந்தார்.

ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார்கள். தூங்குமூஞ்சி தன் செய்தியை அழித்துவிட்டாள். நான்தான் படித்துவிட்டேனே, அதை எப்படி அழிப்பது? அவளுக்கு என்ன பதில் போடுவது? எனக்குத் துக்கம் இல்லை என்பதற்காக அவளுடைய தூக்கம் திரும்பி வந்துவிடுமா? ஒன்றும் விளங்காமல் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

*

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். தபாலில் போட மனம் வரவில்லை. இப்போது திரும்ப உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ரெண்டுவைப் போய்ப் பார்த்தேன்.

போஸ்ட்மாஸ்டர் முகவரி வாங்கிக் கொடுத்தான். எல்லோருக்கும் போக வெட்கம். "முதல்ல நீ போ, அப்புறம் நாங்க வர்றோம்" என்றார்கள். தப்புச் செய்தது அவர்கள், போவது நான். சரி என்று பஸ் ஏறினேன்.

அவளும் அவள் கணவரும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்தார்களாம். கெமிஸ்ட்ரி படித்தவள்! கடைத்தெருவின் கோடியில், கீழே பள்ளி, மேலே வீடு. உள்ளே சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள்; ஒரு மேஜையில் ஸ்டியரிங் ஒன்றைத் திருகி வைத்திருக்கிறார்கள், வண்டி ஏறப் பயப்படுகிறவர்கள் முதலில் அதில் பழகுவதற்கு. ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு இவள். நான் போனபோது வாசலில் நின்ற காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதித் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். துணியைக் கீழே போட்டுவிட்டு, "ஒண்ணு!" என்றாள்.

வருகிற வழியெல்லாம் நான்கு விதமாகப் பேச்சை ஆரம்பித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி கொட்டிவிட்டேன். மலர்வளையம், என் கண்வலி, சிலிண்டர், எல்லாம். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கேட்கக் கேட்க அவள் உதடு துடித்தது. பிறகு சிரித்தாள் பாருங்கள், நிற்க முடியாமல் கார் பம்பர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ, என் புருஷனுக்கு வந்த அழுகையை எல்லாம் உன் புருஷன் வாங்கிக்கிட்டாரா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

ஒரு வாரமாக அவள், 'கூடப் படித்தவர்கள் ஒருத்தருக்குக்கூட நம்மை ஞாபகமில்லை போல' என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். போஸ்ட்மாஸ்டரின் மைத்துனன் அவர்களிடம்தான் வண்டி பழகியிருக்கிறான். அவன் வந்து விசாரித்தபோது, "உங்க மாமா கூடத்தான் படிச்சேன், சொல்லிடுங்க" என்று அவளே சொல்லி அனுப்பியிருக்கிறாள். சொல்லி அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மேலே கூட்டிப்போய்த் தேநீர் போட்டுக் கொடுத்தாள். உனக்கு வந்த செய்திகள் என்னிடம் இருக்கின்றன என்றேன். படி என்றாள். நான் ஆறுதல் வரிகளை மட்டும் படித்துவிட்டு அவரவர் கதைகளை விட்டுவிடப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள். அது என்னை நம்பி எழுதினது, படிக்கலாமா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது என்றேன். "இது உனக்கு எழுதினதில்லடி. புருஷன் செத்தவளுக்கு எழுதினது. அது நான்தான். எல்லாத்தையும் படி" என்றாள்.

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொன்றுக்கும், அவன் இப்போது எங்கே இருக்கிறான், இவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கவிஞரின் மூன்று புள்ளியைச் சொன்னதும், "அப்பவும் அவன் அதுக்கு மேல எழுதினதில்ல" என்றாள். தூங்குமூஞ்சி எழுதியதை ஞாபகத்திலிருந்து சொன்னேன். அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். "அவ நம்பர் குடு. எனக்கும்தான் தூக்கமில்ல, ரெண்டு பேரும் பேசிக்கிட்டாவது கிடக்கலாம்" என்றாள்.

அவள் கணவர் பழைய கார் ஒன்றைப் பார்க்கப் வெளியூருக்குப் போயிருந்தாராம். பள்ளிக்கு இரண்டாவது வண்டி வாங்குவதாகத் திட்டம். எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போவார்களாம். அன்றைக்கு இவளிடம் பழகின ஒரு மாணவிக்குத் தேர்வு, இவள் கூடப் போகவில்லை. தங்கின விடுதியில் நடந்துவிட்டது. "காலம்பூராவும் ஒரே வண்டிக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்தோம், ஒரே ஒரு நாள் விட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம் அவள் குரலில் இருந்தது.

பிறகு உங்களைப் பற்றிக் கேட்டாள். என்ன வேலை என்றாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்றேன். அது மட்டும் எனக்குத் தெரியும். குறட்டை விடுவாரா என்றாள். போன தடவை விடவில்லை என்றேன். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்றாள். ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை எனக்கு மனப்பாடம், உங்களுடையது தெரியவில்லை. கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார் என்றாள். இடது பக்கம் என்று ஆரம்பித்து, இல்லை, வலது, என்று நிறுத்திவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இளக்காரம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை. "எப்ப வர்றாரு?" என்று மெதுவாகக் கேட்டாள். "இந்த வருஷம் வந்துடுவாரு. ஒரேயடியா" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. என் வாய்தான் சொன்னது.

திரும்பும்போது பஸ் வேண்டாம் என்று அவளே காரில் கொண்டுவந்து விட்டாள். கற்றுக்கொடுக்கும் வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒரு பிரேக். பக்கத்து இருக்கை அவருடையது. பெண்கள் பழக வந்தால் இவள் இருக்கையை நகர்த்தாமல் அதன் நுனியில் உட்காருவாள். இரண்டு பேரும் மட்டும் போகும்போது இவள் ஓட்டுவாள், அவர் அந்த இருக்கையில். உட்கார்ந்தேன். அவர் நெட்டையான மனிதர் போல. இருக்கை எங்கோ பின்னால் தள்ளிக் கிடந்தது, என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. இருக்கையை முன்னால் நகர்த்தக் கீழே கை விட்டேன். "அதை மட்டும் தொடாதே" என்றாள். கையை எடுத்துவிட்டேன்.

நாற்சந்தி ஒன்றில் ஒரு சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். வண்டி குலுங்கி நின்றது. அவள் சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் பிரேக் போடல?" என்று அதட்டினாள். அதட்டின பிறகுதான் என்னைப் பார்த்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "எட்டலடி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

நேற்று எல்லோரும் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேர் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். கம்பம் மலர்வளையம் கொண்டுவரவில்லை, அவனுக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. போஸ்ட்மாஸ்டர் அவள் முன்னால் கைகட்டி நின்றான். "இனிமே யாரு செத்தாலும் பட்டப்பெயரையும் சேர்த்துப் போடுடா" என்று அவளே சொல்லிச் சிரிக்கவைத்தாள். மைக்செட் கார் பழகச் சேர்ந்துவிட்டாள். ஹாரனே தேவைப்படாது என்று புரட்சி சொன்னான். அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறான், கவனித்தேன். தூங்குமூஞ்சியும் ரெண்டுவும் தினமும் பேசிக்கொள்கிறார்களாம். நேற்று அவள் ஒரு மூலையில் நாற்காலியில் சாய்ந்து, அத்தனை சத்தத்துக்கு நடுவில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். யாரும் எழுப்பவில்லை.

இனி நம் விஷயம். கம்பெனி ஒப்பந்தத்தில் இன்னொரு தடவைக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று போன மாதம் கேட்டீர்கள். "உங்க இஷ்டம்" என்றேன். நீங்களும் "சரி, வேற?" என்றீர்கள். உங்கள் இஷ்டம் என்று நான் சொன்னது பொய். ஆனால் என் இஷ்டம் என்ன என்று கேட்டால் அதுவும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. மகள் ஆறாவது படிக்கும்போது போனீர்கள். அவள் இப்போது சம்பளம் வாங்குகிறாள். இந்த வீட்டில் ஒவ்வொரு பொருளும் எனக்குக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. நீங்கள் வந்தால் எங்கே உட்காருவீர்கள், உங்கள் கண்ணாடியை எங்கே வைப்பீர்கள் என்று நேற்று கூடத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன். இடம் தெரியவில்லை. வந்தால் சண்டை போடுவோம் என்று தோன்றுகிறது. வராமலிருந்தால் அதற்குக்கூட வழியில்லை என்றும் தோன்றுகிறது. மகளிடம் இதைச் சொன்னால், "உனக்கு என்னதான் வேணும்மா?" என்கிறாள். அவள் வயதில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. உடனே நீங்கள் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி, எல்லாம். அங்கேயே செய்து அறிக்கையை அனுப்புங்கள் என்றுதான் எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம் என்று படுகிறது. இங்கே வந்து என்னிடம் கொடுங்கள். நான் ஊசி போட்டால் வலிப்பதே இல்லை என்று குழந்தைகள்கூடச் சொல்கின்றன. எத்தனையோ பேர் கையைப் பிடித்து நரம்பு தேடியிருக்கிறேன். உங்கள் கையில் நரம்பு எந்த இடத்தில் ஓடுகிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும். எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாருங்கள்.

இப்படிக்கு,
நான்தான்.